ஒரு பெட்ஷீட் துவைக்க எம்புட்டு ஆகும்?

ஆடிட்டர் சொன்ன தொகையைக் கேட்டதும் நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் ரூபாய். மெஷின் தேய்மானம் கழிப்பதற்கு முன்னால், போன வருஷம் எங்கள் லாண்டரியில் வந்த லாபமாம்.

"அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"எதும்மா?"

"அந்த நாலு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம்."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, தினமும் நாலு பேர் கேட்கிற கேள்விதான் என்பது போல. "லாபம்னா அம்புட்டும் கையில இருக்கணும்னு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார். வெளியே பெஞ்சில் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் பாங்க் கணக்கில் பதினோராயிரம் ரூபாய் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் அதே சமயத்தில் கணக்கு கிட்டத்தட்ட காலி.

வேனில் ஆனையூர் திரும்பும்போது வீட்டுக்காரர், "அது வரிக்காக எழுதுற கணக்கு. நீ ஏன் அதைப் போட்டு மண்டையில ஏத்திக்கிற?" என்றார். எனக்குக் கோபமோ பயமோ இல்லை. வீட்டுக்குள்ளேயே வைத்த ஒரு சாமான் காணாமல் போனால் ஒரு குடைச்சல் வருமே, அதுதான் இருந்தது. யாரும் திருடவில்லை, நாங்கள் தாம்தூம் என்று செலவழிக்கவும் இல்லை. அப்படியென்றால் எங்கே போனது?

எங்கள் தொழில், லாட்ஜ்களுக்குப் பெட்ஷீட்டும் கூடவே துண்டு, தலையணை உறையும் துவைத்துக் கொடுப்பது. வீட்டுக்காரர் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் பன்னிரண்டு வருஷம் ரூம்களைப் பார்த்துக்கொண்டவர். எந்த லாட்ஜில் எத்தனை ரூம், எந்த மேனேஜர் எப்போது சாப்பிடப் போவார் என்பது வரை அவருக்கு அத்துப்படி. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் ஒரு பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்தேன். ஆனையூரில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, கடன் வாங்கி, பெரிய வாஷிங் மெஷின் இரண்டும் ட்ரையரும் ரோலர் இஸ்திரியும் போட்டோம். மூன்று பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர் வேன் ஓட்டி ஆர்டர் பிடிப்பார். நான் ஷெட்டில் இருப்பேன். ஒரு பெட்ஷீட்டுக்கு ஒன்பது ரூபாய். அந்த ஒன்பது ரூபாயை நாங்கள் எப்படி முடிவு செய்தோம் என்று கேட்டால், பக்கத்தில் இன்னொருவர் பத்து வாங்கினார். நாங்கள் ஒன்பது என்றோம். அவ்வளவுதான்.

ஆடிட்டரைப் பார்த்து வந்த இரண்டாவது வாரம், சிறுதொழில் செய்கிறவர்களுக்கு நிதிப் பயிற்சி, ஆறு வாரம், சனி ஞாயிறு மட்டும் என்று ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது. அண்ணா நகரில் ஒரு மாடியில் வகுப்பு. நான் போகிறேன் என்றதும் வீட்டுக்காரர், "போயிட்டு வா. சனிக்கிழமை ரோலரை யாரு பாக்குறது?" என்று மட்டும் கேட்டார். மூன்று பெண்களில் மூத்தவள், "நான் பாத்துக்கிறேன்க்கா" என்றாள். அதனால் போக முடிந்தது.

வகுப்பில் பதினாலு பேர் இருந்தோம். பாடம் எடுத்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயசு குறைவாக இருக்கும். சொந்த ஊர் மேலூர் பக்கம். ஒரு பாங்கில் கடன் பிரிவில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு விட்டுவிட்டாளாம். மேலூரிலிருந்து பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வருவாள். நாங்கள் அவளை மேடம் என்போம், அவள் எங்களை அக்கா, அண்ணே என்பாள்.

முதல் நாள் அவள் போர்டில் எதுவும் எழுதவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்து, "நீங்க விக்கிறதுல ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க. அது ஒண்ணைச் செய்ய உங்களுக்கு எம்புட்டு ஆகுது?" என்று கேட்டாள்.

எனக்குப் பக்கத்தில் தெற்குவாசலில் பேக்கரி வைத்திருக்கும் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசைத் தாண்டியவர். "பன்னுன்னா... ஒரு நாலு ரூபா ஆகும் மேடம்" என்றார்.

"நாலா, நாலரையா?"

அவர் யோசித்தார். "அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்து என் முறை வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்பது ரூபாய் வாங்குகிறோம் என்று சொல்ல முடிந்தது. எவ்வளவு ஆகிறது என்று சொல்ல முடியவில்லை. நாலு வருஷமாக ஒரு நாளைக்கு எழுநூறு பெட்ஷீட் துவைக்கிறோம். ஒன்றுக்கு என்ன செலவு என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

"அடுத்த வாரம் வரும்போது கண்டுபிடிச்சுட்டு வாங்க. யார்கிட்டயும் கேக்காதீங்க. அளந்து பாருங்க" என்றாள் அவள்.

அளப்பது எனக்குப் பிடித்த வேலை. திங்கட்கிழமையிலிருந்து ஒரு நோட்டும் சமையலறைத் தராசுமாக ஷெட்டுக்குள் திரிந்தேன். ஒரு லோடுக்கு எத்தனை பெட்ஷீட், எத்தனை கிராம் சோப்புத்தூள், எவ்வளவு வெளுப்பு மருந்து என்று எழுதினேன். மெஷின் ஓடுவதற்கு முன்னும் பின்னும் கரண்ட் மீட்டரைப் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் வெள்ளைத் துணி மஞ்சளாகிவிடும் என்பதால் கடைசி அலசலுக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறோம். தொட்டியில் கோல் விட்டு அதையும் அளந்தேன். ரோலரைச் சூடாக்குகிற கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, வேன் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எல்லாம் நோட்டில் ஏறியது.

புதன்கிழமை மதியம் நான் மீட்டர் பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, படம் ஓடுதா அதுல?"

"ட்ரையர் எம்புட்டு இழுக்குதுன்னு பாக்குறேங்க."

"இழுக்குற கரண்டை இழுக்கத்தானே செய்யும். பார்த்தா குறைஞ்சிருமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அன்று சாயங்காலம் அவராகவே வந்து, "லோடு ஏத்திக்கிட்டுப் போனா டீசல் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கம்மியா வரும். அதையும் எழுதிக்க" என்றார்.

மின்சாரம் ஒரு ரூபாய் அறுபது காசு. தண்ணீர் எண்பது காசு. சோப்பும் வெளுப்பும் தொண்ணூறு. கேஸ் அறுபது. வேன் டீசல் எழுபது. கூட்டினால் நாலு ரூபாய் அறுபது காசு. ஒன்பது ரூபாயில் பாதிக்கு மேல் செலவு என்றாலும், மிச்சம் நாலு நாற்பது நிற்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துண்டையும் தலையணை உறையையும் அளந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. தலையணை உறையில் வருகிற சில்லறை லாபத்தைத் துண்டு தின்றுவிடுகிறது. கனத்த துண்டு காய பெட்ஷீட்டைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. நாலு ரூபாய் வாங்கிக்கொண்டு நாலு ரூபாய் எழுபது காசுக்கு நாங்கள் துண்டு துவைத்துக்கொண்டிருந்தோம், அதுவும் நாலு வருஷமாக.

அடுத்த வகுப்பில் நோட்டைக் காட்டியபோது மேடம் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "இவ்வளவு சுத்தமா யாரும் அளந்து வந்ததில்ல அக்கா" என்றாள். பிறகு, "இது துவைச்சா வர்ற செலவு. துவைக்காட்டியும் வர்ற செலவு எங்கே?" என்று கேட்டாள்.

ஒரு பெட்ஷீட்கூட வராத மாசத்திலும் ஷெட் வாடகை கொடுக்க வேண்டும். மூன்று பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கடனுக்கு வட்டி, வேன் இன்சூரன்ஸ், போன். கூட்டினேன். ஐம்பத்திரண்டாயிரம்.

"உங்க சம்பளம்?"

"எனக்கா? எனக்கு எதுக்கு மேடம் சம்பளம்? எங்க தொழில்தானே."

"வீட்டுக்கு அரிசி பருப்பு எங்கிருந்து வாங்குறீங்க?"

லாண்டரியிலிருந்துதான் எடுக்கிறோம். மாசம் இருபத்தாறாயிரம், இருவருக்கும் சேர்த்து. அதையும் எழுதினால் எழுபத்தெட்டாயிரம். அதை நாலு நாற்பதால் வகுக்கச் சொன்னாள். பதினேழாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வந்தது. அத்தனை பெட்ஷீட் துவைத்தால்தான் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு நாங்கள் பூஜ்யத்தில் நிற்போம். ஒரு நாளைக்கு எழுநூறு என்றால் அது இருபத்தஞ்சாம் தேதி. முதல் இருபத்தஞ்சு நாள் வாடகைக்கும் கரண்டுக்கும் சம்பளத்துக்கும் துவைக்கிறோம். கடைசி ஐந்து நாள் மட்டும்தான் தொழிலுக்காகத் துவைக்கிறோம்.

அந்தத் தேதியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கணக்கைப் போட்டார். அவருக்கு இருபத்தெட்டு வந்தது. "பிப்ரவரியில நான் என்ன தங்கச்சி பண்ணுறது?" என்றார்.

மூன்றாவது வாரம்தான் காணாமல் போன பணம் கிடைத்தது. மேடம் போர்டில் லாபத்தை மேலே எழுதி, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கச் சொன்னாள். வீட்டுக்கு எடுத்தது வருஷத்துக்கு மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அதை ஆடிட்டர் செலவாக எழுதுவதில்லை. கடனில் வட்டி மட்டும்தான் செலவு. அசல் தொண்ணூற்றாறாயிரம் கட்டியது லாபத்திலிருந்து போயிருக்கிறது. மிச்சம் எழுபத்தேழாயிரம். "உங்க லாட்ஜ்காரங்க போன வருஷத்தைவிட எவ்வளவு அதிகமா பாக்கி வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். பில் புத்தகம் கையில் இருந்தது. பார்த்தேன். அறுபத்தாறாயிரம்.

கழித்தால் பதினோராயிரம். பாங்கில் இருந்த அதே பதினோராயிரம்.

லேபில் தெளிந்த நீரில் ஒரு சொட்டு விழுந்து நிறம் மாறும்போது வருகிற அதே உணர்ச்சி. பணம் எங்கேயும் போகவில்லை. எங்கள் வயிற்றிலும், பழைய கடனிலும், டவுன் ஹால் ரோட்டு லாட்ஜ்களின் மேஜை டிராயர்களிலும் இருந்தது.

இதை வீட்டில் சொல்லலாம் என்று போன அன்றுதான் வீட்டுக்காரர் ஒரு செய்தியோடு காத்திருந்தார். ரிங் ரோட்டில் புதிதாக வந்திருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பேசிவிட்டு வந்திருக்கிறார். ஐந்து மாடி. ஒரு நாளைக்கு ஐநூறு பெட்ஷீட். விலை ஏழு ரூபாய். பில் கொடுத்து அறுபது நாளில் பணம்.

"இன்னொரு மெஷினும் ட்ரையரும் போடணும். பாங்குல பேசிட்டேன், தவணை மாசம் இருபத்தாறாயிரம் வரும்ங்கிறான். ரெண்டு ஆள் கூடப் போட்டுக்கலாம். நாலு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நான் நோட்டைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது, முதலில் ஒரு டீயாவது போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் துணிக்குச் சுடுதண்ணீர் வேண்டும், கிருமி மருந்து வேண்டும், ஒன்றுக்கு அஞ்சு ரூபாய் இருபது காசு ஆகும் என்றேன். ஏழில் நிற்பது ஒரு ரூபாய் எண்பது காசு. மாசம் பதினஞ்சாயிரம் பெட்ஷீட்டுக்கு இருபத்தேழாயிரம். தவணையும் இரண்டு ஆள் சம்பளமும் நாற்பத்தெட்டாயிரம்.

"மாசம் இருபத்தோராயிரம் கையை விட்டுப் போகும்ங்க. அறுபது நாளைக்குப் பணமும் வராது. அதுக்கே ஒண்ணரை லட்சத்துக்கு மேல நாம போட்டுத் துவைக்கணும்."

"ஆறு வாரம் படிச்சிட்டு வந்து என் பன்னெண்டு வருஷத்தைக் கழிச்சுக் காட்டுற" என்றார்.

"மூணு வாரம்தான் ஆயிருக்கு" என்றேன். அது இன்னும் தப்பாகப் போய்விட்டது. அவர் எழுந்து வேனைக் கழுவப் போய்விட்டார். அன்று காலையில்தான் கழுவியிருந்தார்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் துணி எண்ணிக்கை தவிரப் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இடைவேளையில் பாயிடம் இதைச் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார். ஒரு காலேஜ் கேன்டீனுக்கு தினமும் இரண்டாயிரம் பன் கேட்டார்களாம். புது அடுப்பு வாங்கினாராம். நாலு மாசம் பணம் வரவில்லை. மைதாக்காரருக்குக் கொடுக்க வீட்டம்மாவின் வளையல் பாங்குக்குப் போனது.

"ஆர்டர் இல்லாத காலத்துல நான் கடன் வாங்கினதே இல்ல தங்கச்சி. பெரிய ஆர்டர் வந்துதான் கடன்ல விழுந்தேன். ஆனா உன் வீட்டுக்காரர் மேலயும் தப்பில்ல. வாசலுக்கு வந்ததை வேணாம்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?"

மேடமிடம் கேட்டேன், வேண்டாம் என்றுதானே இந்தக் கணக்கு சொல்கிறது என்று. அவள் இல்லை என்றாள். "ஐநூறு வேண்டாம்னு சொல்லுது. உங்க மெஷின் இப்ப எவ்வளவு துவைக்க முடியும்?"

"தொள்ளாயிரம்."

"துவைக்கிறது எழுநூறு. இடைவெளியைப் பாருங்க அக்கா."

பஸ்ஸில் வரும்போது அது விளங்கியது. இருநூறு என்றால் புது மெஷின் வேண்டாம், ஆள் வேண்டாம். வாடகையும் சம்பளமும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஒன்றுக்கு நிற்கிற ஒரு ரூபாய் எண்பது காசு அப்படியே கைக்கு வரும். மாசம் பத்தாயிரத்து எண்ணூறு. ஐநூறில் நஷ்டம் தருகிற அதே ஏழு ரூபாய், இருநூறில் லாபம் தருகிறது. விலை நல்லதா கெட்டதா என்பது விலையில் மட்டும் இல்லை என்பதை அன்று நான் முதன்முதலாகப் புரிந்துகொண்டேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

இந்தத் தடவை டீ போட்டேன். நோட்டைத் திறக்கவில்லை.

"என்னங்க, ஆஸ்பத்திரியில ரெண்டே ரெண்டு மாடி மட்டும் கேக்க முடியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்லி முடிக்கும் வரை டீயைக் குடிக்கவில்லை. பிறகு, "சித்திரையில என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

நான் அதை நினைக்கவே இல்லை. திருவிழா நாட்களில் லாட்ஜ்கள் நிரம்பி வழியும்; அப்போதெல்லாம் எங்கள் ஷெட்டுக்குத் தொள்ளாயிரமும் வரும். ஆஸ்பத்திரியும் சேர்ந்தால் ஆயிரத்து நூறு. என் கணக்கில் எல்லா நாளும் எழுநூறாகவே இருந்தது.

"பத்துப் பன்னெண்டு நாள் விடிகாலையில ஒரு ஷிப்டு கூட்டணும். பொம்பளைகளுக்கு ஒண்ணரைச் சம்பளம் கொடுத்துருவோம். அதையும் உன் நோட்டுல எழுதிக்க" என்றார். குரலில் பழைய வேகம் வந்திருந்தது. எழுதிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு இருவருமாகப் போனோம். பேச்சை நான் அவரிடமே விட்டுவிட்டேன். முதலில் முடியாது என்றார்கள். ஐந்து மாடியையும் ஒரே ஆளிடம் கொடுப்பதுதான் வசதி என்றார்கள். வீட்டுக்காரர் பொறுமையாக, "மொத்தத்தையும் ஒரே ஆள்ட்ட கொடுத்து, ஒரு நாள் அவர் மெஷின் நின்னா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டார். அது எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தராத கேள்வி. பத்து நாள் கழித்து இரண்டாவது, மூன்றாவது மாடிகள் எங்களுக்கு வந்தன. இருநூற்றுக்குக் கொஞ்சம் குறைவு. விலை ஏழுதான். பணம் அறுபது நாளுக்குப் பதில் நாற்பத்தஞ்சு நாள். முப்பது கேட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை.

துண்டு விஷயத்தையும் அதே மாசம் எடுத்தோம். நாலை ஆறாக்கினோம். ஸ்டேஷன் பக்கத்து மேனேஜர் ஒருவர் மறுபேச்சில்லாமல் சரி என்றார். எங்களுக்குத்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தது உறுத்தியது. மேலமாசி வீதி லாட்ஜ் ஒன்று எங்களை விட்டுப் போய்விட்டது. ஐம்பது பெட்ஷீட் போனது எனக்கு இரண்டு நாள் வருத்தம். பில் புத்தகத்தைப் பார்த்தபோது அந்த லாட்ஜ்தான் எப்போதும் மூன்று மாசம் கழித்துப் பணம் கொடுத்தது என்று தெரிந்தது. அதனால் வருத்தம் முழுதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஐம்பது ஐம்பதுதான்.

முதல் மூன்று மாசம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிப் பணம் வருவதற்குள் சோப்புக்காரரிடம் இரண்டு முறை தவணை கேட்டேன். சித்திரையில் நான்கு நாள் துணி தாமதமாகப் போய், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் போனில் வறுத்தெடுத்தார். ஆனால் அதற்கடுத்த ஆனி மாசம் எங்கள் பூஜ்யத் தேதி இருபத்திரண்டுக்கு வந்தது. வேலை பார்க்கும் மூன்று பெண்களிடமும் அந்தத் தேதியைச் சொன்னேன். மூத்தவள், "அப்ப இருபத்தி ரெண்டுக்குப் பிறகு எங்களுக்கும் ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தீபாவளிக்குச் செய்கிறோம் என்று சொல்லி, நோட்டில் அதற்கென்று ஒரு வரி போட்டேன்.

அடுத்த பயிற்சி ஆரம்பித்தபோது வீட்டுக்காரர் தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். சனிக்கிழமைகளில் வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். முதல் வகுப்பு முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஷெட் வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்குறேன். இந்த ஷெட்டுக்கு வாடகை கொடுத்துக்கிட்டே இருக்கிறது நமக்கு லாபமா, பின்னால கிடக்குற அந்த ரெண்டு சென்ட்டை வாங்கிக் கட்டுறது லாபமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன்.